‘நல்லா இருக்கு’ என்பது ஒரு கருத்தாகுமா?

ஒரு பாடலைக் கேட்டு முடித்ததும் நம்மில் பலர் சொல்வது ஒன்றில் ‘நல்லா இருக்கு’, அல்லது ‘சரியில்ல’. அத்தோடு கதை முடிந்துவிடும். ஏன் நல்லா இருக்கிறது என்று யாராவது கேட்டால், ‘விருது கிடைச்ச பாட்டுத்தானே’ என்போம். அல்லது ‘எல்லாரும் கேக்கிறாங்க’ என்போம். இதனை நான் கருத்து என்று ஏற்பதில்லை. இது விருப்பம். விருப்பத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கருத்துக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நாம் கேட்ட பாடலுக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டவும் வேண்டும்.

வெறுமனே உபதேசம் செய்வதைவிட ஓர் உதாரணத்தோடு பேசுவது நல்லது. அதற்காக ‘வன்ஸ்’ என்ற ஐரிஷ் திரைப்படத்தின் இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். 2007ஆம் ஆண்டு வெளிவந்த இந்தத் தொகுப்பில் 13 பாடல்கள் உள்ளன. இதைக் கேட்டவர்கள் சொல்லும் அபிப்பிராயங்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. எங்கள் வீட்டிலும் வகுப்பிலும்கூட அப்படித்தான்.

முதலில் படத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இயக்குநர் ஜோன் கார்னி. ‘த ஃப்ரேம்ஸ்’ என்ற ஐரிஷ் இசைக்குழுவில் முன்னொரு காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். அந்தக் குழுவின் பாடகர் க்ளென் ஹன்சார்ட் படத்தின் நாயகன். நாயகி செக் குடியரசைச் சேர்ந்த மார்கெட்டா இர்க்லோவா. இருவரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர், இசைக்கலைஞர்கள். டப்ளின் நகரத் தெருக்களில் 17 நாட்களில், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டொலர் செலவில் படப்பிடிப்பு முடிந்தது. ஹொலிவூட் கணக்கில் இது ஒன்றுமே இல்லாத தொகை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதென்று பல காட்சிகளைத் தூரத்தில் கமெராவை வைத்தே எடுத்தார்கள். பெரிய நிறுவனங்களின் கையில் தங்கியிராத இத்தகைய படங்களைத்தான் சுயாதீனத் திரைப்படம் என்கிறோம்.

கதையும் சிறியது. ஒருவன் தன் தந்தையின் கடையில் தூசு உறிஞ்சும் இயந்திரங்களைத் திருத்துகிறான். மிகுதி நேரத்தில் தெருவில் நின்று கிட்டார் இசைத்துப் பாடுகிறான். ஒருத்தி வேறு நாட்டிலிருந்து வந்து, தாயுடனும் சிறு மகளுடனும் வாழ்ந்துகொண்டு தெருவில் பூ விற்கிறாள். பியானோ வாசிக்கத் தெரிந்தும் அவளிடம் பியானோ இல்லை. ஓர் இசைக்கருவிக் கடைக்காரர் மதிய இடைவேளையில் அங்குள்ள பியானோவை வாசிக்க விடுகிறார். இருவரும் சேர்ந்து சில பாடல்களைப் பதிவு செய்கிறார்கள். பின்னர் அவரவர் வழியில் போகிறார்கள். இருவருக்கும் படத்தில் பெயர்கூட இல்லை.

இனி, கேட்டவர்களின் அபிப்பிராயங்களுக்கு வருவோம்.

முதலாவது குறை: ‘பாடகர் கத்துகிறார், குரல் உடைகிறது, பதிவு சுத்தமாக இல்லை.’ எங்கள் ராத்தா சொன்னதும் இதுதான். அவர் சொன்னது உண்மை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். தொகுப்பின் இறுதிப் பாடலான ‘சே இட் டு மீ நவ்’ பாடலில் ஹன்சார்டின் குரல் உச்சத்துக்குப் போய்க் கீறல் விழுகிறது. ஆனால் அது குறையா என்பதுதான் கேள்வி. படத்தில் அந்தப் பாடல் இரவில், ஆளரவம் குறைந்த தெருவில் பாடப்படுகிறது. கேட்டு நிற்பவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவள் பத்துச் சதம் கொடுத்துவிட்டு, ‘இந்தப் பாட்டை ஏன் பகலில் பாடுவதில்லை’ என்று கேட்கிறாள். பகலில் சனங்களுக்குத் தெரிந்த பாடல்களைத்தான் பாட வேண்டும், இல்லாவிட்டால் காசு விழாது என்கிறான் அவன். சொந்தப் பாடல் இரவுக்கு, பிறர் பாடல் பகலுக்கு. யாரும் கேட்காத நேரத்தில் மட்டும் தன் மனதைத் திறக்கக் கிடைத்த ஒருவனின் குரல் வழுவழுப்பாக இருந்திருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன். ஹன்சார்ட் 13 வயதிலேயே பாடசாலையை விட்டு டப்ளின் தெருக்களில் பாட வந்தவர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். வாகன இரைச்சலுக்கு மேலாகப் பாடிப் பழகிய தொண்டை அது.

இரண்டாவது குறை: ‘படம் பார்க்காதவர்களுக்கு இந்தப் பாடல்கள் ஒட்டாது.’ இது பாதி சரி. கதாநாயகன் பஸ்ஸில் இருந்து தன் பழைய காதல் பற்றி வேடிக்கையாகப் பாடும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு ஒன்று மூன்றாவதாக வருகிறது. படத்தில் அது சிரிப்பூட்டும். தொகுப்பில் அது இடறும் கல். அதை விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் நான்காவது பாடலான ‘வென் யோர் மைன்ட்ஸ் மேட் அப்’ அப்படியானதல்ல. நாம் வழக்கமாகக் கேட்கும் பாடல்களில் தாளம் நான்கு நான்காக ஓடும். இதில் ஐந்து ஐந்தாக ஓடுகிறது. கர்நாடக இசை படித்தவர்கள் இந்த ஐந்தெண்ணிக்கையைக் கண்டம் என்பார்கள். இதை அறியாதவருக்கும் ஏதோ ஒன்று காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோலத் தோன்றும். மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு கருவியாகச் சேர்ந்து, கடைசியில் பெரும் அலையாக எழும் அந்தப் பாடலை உணரப் படக்கதை தேவையில்லை. எங்கள் வகுப்பில் படமே பார்க்காத இருவர் அதைத்தான் முதலிடத்துக்குத் தெரிவு செய்தார்கள்.

படத்தில் இதே பாடலைச் சுற்றி ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கூடத்தில் இருக்கும் தொழில்நுட்பவியலாளர் இவர்களைத் தொடக்கத்தில் பொருட்படுத்துவதே இல்லை. பாடல் எழும்பத்தான் நிமிர்ந்து உட்காருகிறார். பதிவெல்லாம் முடிந்ததும் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், காரின் சாதாரண ஒலிபெருக்கியில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கச் செய்கிறார். விலையுயர்ந்த கருவியில் எல்லாமே நன்றாகக் கேட்கும். மலிவான கருவியிலும் நின்று பிடிக்கிறதா என்பதே பரீட்சை. கைத்தொலைபேசியின் சிறு துளை வழியாகப் பாட்டுக் கேட்கும் நமக்கு இந்தப் பரீட்சை நன்கு விளங்கும்.

மூன்றாவது குறை: ‘எல்லாமே சோகம், எல்லாமே ஒரே மாதிரி.’ சோகம் என்பதை மறுக்க மாட்டேன். ஒரே மாதிரி என்பதை மறுப்பேன். ஆறாவது பாடலான ‘கோல்ட்’ இவ்விருவரும் எழுதியதே அல்ல; ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்ற ஐரிஷ் குழுவினுடையது. அதை எழுதியவர் ஃபெர்கஸ் ஓஃபாரெல். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நோயோடு வாழ்ந்து, 2016இல் மறைந்தவர். தொகுப்பின் நடுவில் அந்தப் பாடல் வரும்போது வேறொரு வீட்டின் கதவைத் திறந்தது போலிருக்கும். பொறுமையாகக் கேட்டால் இந்த வேறுபாடு தெரியும். முதல் அரை நிமிடத்தைக் கேட்டு அடுத்த பாடலுக்குத் தாவிக்கொண்டே போனால் உலகத்துப் பாடல்கள் எல்லாமே ஒரே மாதிரித்தான் கேட்கும்.

நான்காவது குறைதான் கனமானது. முதற்பாடலான ‘ஃபோலிங் ஸ்லோலி’ சிறந்த திரைப்பாடலுக்கான ஒஸ்கார் விருதை 2008இல் பெற்றது. ஆனால் அந்தப் பாடல் படம் வெளிவருவதற்கு முன்னரே, 2006இல், வேறு இசைத்தொகுப்புகளில் வெளிவந்திருந்தது. ‘அப்படியானால் அது படத்துக்கென எழுதப்பட்ட பாடலா, விருது நியாயமா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. விருதுக் குழுவும் அதை ஆராய்ந்தது. பாடல் இந்தப் படத்துக்காகவே எழுதப்பட்டது, படம் முடிவடையத்தான் காலம் எடுத்தது என்று ஏற்றுக்கொண்டது. சிறு பணத்தில் எடுக்கப்படும் படங்களுக்கு இப்படி நேர்வது இயல்பு. பாடகர்கள் சோறு தின்ன வேண்டும். படம் வரும்வரை பாடலைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்க அவர்களுக்கு வசதி இல்லை. ஆகவே முடிவு சரியென்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் விருது கிடைத்ததால் அதுவே தொகுப்பின் சிறந்த பாடல் என்று ஏற்க நான் தயாரில்லை. என் தெரிவு இரண்டாவது பாடலான ‘இஃப் யூ வோன்ட் மீ’. சொற்களும் மெட்டும் இர்க்லோவாவுடையவை. படத்தில் அவன் கொடுத்த மெட்டுக்கு அவள் இரவில் சொற்கள் எழுதுகிறாள். இறுவட்டுக் கருவியின் பெட்டரி தீர்ந்துபோகிறது. மகளின் உண்டியலில் இருந்து சில்லறை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். பெட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு, பாடியபடியே வீடு திரும்புகிறாள். வேலை முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்து, மிஞ்சிய நேரத்தில் ஒரு பெண் படைக்கிற பாடல் அது. குரல் உயரவில்லை. யாரையும் கவரப் பார்க்கவில்லை. எங்கள் உம்மாவுக்கு ஆங்கிலச் சொற்கள் முழுவதும் விளங்காது. குசினியில் நின்று கேட்டுவிட்டு, ‘இந்தப் புள்ள தனக்குத்தானே பாடுது’ என்றார். இத்தொகுப்பைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் மிகச் சரியானது அதுதான். ஏனென்றால் அதில் காரணமும் சேர்ந்தே இருந்தது.

இர்க்லோவாவைப் பலர் ‘பக்கக்குரல்’ என்று கடந்துபோவது எனக்கு வருத்தம். முதற்பாடலில் அவர் பெயரும் பாடலாசிரியராக இருக்கிறது. ‘த ஹில்’ பாடல் முழுவதும் அவருடையது. விருது பெற்றபோது அவருக்கு 19 வயது. அன்றைய மேடையில் நடந்ததையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஹன்சார்ட் நன்றி கூறி முடித்ததும் இர்க்லோவா ஒலிவாங்கியை நெருங்கினார். உடனே வாத்திய இசை எழுந்தது. அவருடைய நேரம் முடிந்துபோனது. விளம்பர இடைவேளைக்குப் பிறகு தொகுப்பாளர் ஜோன் ஸ்டூவர்ட் அவரை மீண்டும் மேடைக்கு அழைத்துப் பேச இடம் கொடுத்தார். அவரும் தன்னைப் போல் சொந்தக் காலில் நிற்கும் கலைஞர்களுக்காக, நம்பிக்கையைப் பற்றிச் சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசினார். அவரிடம் சொல்ல விஷயம் இருந்தது. ஒலிவாங்கிதான் முந்தி அணைக்கப்பட்டது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் படத்தின் உரையாடலில் கெட்ட வார்த்தைகள் வருவதால் அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர்களுடனேயே பார்க்கலாம் என்று தரப்படுத்தப்பட்டது. ஆகவே படத்தையோ பாடல்களையோ பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் விடுவதும் உங்கள் தீர்மானம். நான் கேட்பது வேறொன்று. பிள்ளை ஒரு பாட்டையோ கதையையோ பிடித்திருக்கிறது என்று சொன்னால், ‘அதெல்லாம் என்ன பாட்டு’ என்று ஒரே சொல்லில் அடித்துவிடாதீர்கள். ‘எந்த இடம் பிடித்தது, ஏன்?’ என்று ஒருக்கா கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் பழகிய பிள்ளை, நாளை பரீட்சைத் தாளில் கவிதை நயத்தல் எழுதும்போதும் தடுமாற மாட்டாள். ஒரு விளம்பரத்தையோ வதந்தியையோ எதிர்கொள்ளும்போதும் உடனே நம்பிவிட மாட்டாள்.

தோழியருக்கு நான் சொல்வதும் அதுவே. என் தெரிவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. விருது பெற்ற பாடலே சிறந்தது என்று நீங்கள் சொல்லலாம். ‘கோல்ட்’ என்றும் சொல்லலாம். முழுத் தொகுப்புமே வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் பாடலில் எந்த இடத்தைக் கேட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பறையில் ‘யாருக்காவது கருத்து இருக்கா?’ என்று ஆசிரியை கேட்கும்போது தலைகுனிந்து கொப்பியைப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது நிமிர்ந்து ஒரு வசனமாவது சொல்வோம். மேடையிலிருந்து இறங்கியவளை மீண்டும் அழைக்கும் தொகுப்பாளர் எல்லா மேடையிலும் கிடைப்பதில்லை.