எண்ணெய்க் குவளையும் இரண்டாம் அங்கியும்

தாம்பரத்தை அடுத்த பங்கு ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் புகைப்படக்காரர். முப்பது ஆண்டுகளாகத் திருமணம், புதுநன்மை, திருவிழாத் தேர்ப்பவனி ஆகியவற்றைப் படம்பிடித்துக் குடும்பத்தைக் காத்து வருபவர். வீட்டில் இன்று ஐந்து காமிராக்கள் இருக்கின்றன. சகோதரியின் ஐந்து பவுன் சங்கிலியோ வங்கியில் அடகில் இருக்கிறது. “எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிய மிர்ரர்லெஸ் காமிரா ஒன்றே ஒன்று வாங்குவோம், குறைகிற பணத்துக்குக் கடன் பெறலாம்” என்கிறான் மகன். “ஒன்றையும் தொடாதே” என்கிறார் தந்தை. மூன்று மாதங்களாக இருவரும் ஒரே வேளையில் உணவுக்கு அமர்வதில்லையாம். “சுவாமி, எது சரி என்று நீங்களாவது சொல்லுங்கள்” என்று முடிகிறது கடிதம்.

காமிராவைப் பற்றிக் குருவானவர் கூற என்ன இருக்கிறது என்று சில வாசகர்கள் புன்னகைக்கலாம். ஆயினும் பீடத்தின் முன் நின்று ஆண்டு முழுவதும் இந்தக் கருவியின் எதிரே முகம் காட்டுகிறவர்களுள் நானும் ஒருவன். மேலும், கடிதத்தின் உள்ளே இருப்பது காமிரா மட்டுமன்று.

சகோதரி பட்டியலைத் தெளிவாகவே தந்திருக்கிறார். மாமனார் விட்டுச் சென்ற யாஷிகா மேட், பிலிம் காலத்து நிக்கான் எஃப்.எம்.2, டிஜிட்டல் காமிராக்களாக நிக்கான் டி750, டி7200, கேனான் 6டி. லென்ஸ் நீங்கலான காமிராவைத் தொழில் செய்வோர் ‘பாடி’ என்பர். ஐந்து பாடிகள், மூன்று வேறு குடும்பங்கள். நிக்கான் லென்ஸ் கேனானில் பொருந்தாது; மின்கலமும் சார்ஜரும் அவ்வாறே. யாஷிகாவிலோ லென்ஸைக் கழற்றவே இயலாது.

இவ்வளவும் எப்படிச் சேர்ந்தன? விடை கடிதத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள் எழுதியதுபோல், ஒரே வரியில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை நம் பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது. ஒருநாள் பொழுதில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு கரை கடந்து முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்தது. அன்று பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த இவர்களுடைய இரண்டு காமிராக்களும் சேற்று நீரில் போயின. பரணில் கிடந்த யாஷிகாவும் எஃப்.எம்.2-வும் மட்டுமே தப்பின. தை மாதத் திருமணங்களுக்கு முன்பணம் வாங்கியாயிற்று, கருவி இல்லை. அப்போது வங்கிக்குப் போனதுதான் அந்தச் சங்கிலி. அதன்பின் தொழிலை விட்டுச் செல்லும் எவராவது குறைந்த விலைக்குக் காமிரா தருவதாகச் சொன்னால் இவரால் மறுக்க முடிவதில்லை.

சகோதரியே, உங்கள் கணவர் பேராசைக்காரர் அல்லர். அவர் அஞ்சுகிறார். மகன் இதை அறிந்தால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

இனி வழக்குக்கு வருவோம். நற்செய்தியில் ஒரு பக்கம், திருத்தூதரைப் பணிக்கு அனுப்பும் ஆண்டவர் இரண்டு அங்கி கூட வேண்டாம் என்கிறார். மறுபக்கம், பத்துக் கன்னியரின் உவமையில் கூடுதலாக எண்ணெய் எடுத்துச் சென்ற ஐவரை முன்மதி உடையோர் என்று போற்றுகிறார். ஒரே நாவினின்று வந்த இரண்டு சொற்கள் இவை. குருமடத்தில் இவ்விரண்டையும் எப்படி இணைப்பது என்று நாங்கள் விவாதித்ததுண்டு. எனக்குத் தோன்றுவது இது: அங்கி தன் உடலுக்காகச் சுமப்பது, எண்ணெய் பிறர் திருவிழாவில் தன் பணி அணையாதிருக்கச் சுமப்பது. அந்த உவமை ஒரு திருமணத்தைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள். எண்ணெய் தீர்ந்தபின் கடைக்கு ஓடியவர்கள் திரும்பி வருவதற்குள் கதவு அடைபட்டது.

திருமணத்தில் வாக்குறுதி ஒருமுறைதான் சொல்லப்படும். தாலி ஒருமுறைதான் கட்டப்படும். ‘ஷட்டர் நின்றுவிட்டது, இன்னொரு முறை கட்டச் சொல்லுங்கள்’ என்று சாடை காட்டிய புகைப்படக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். திருவருட்சாதனத்தைப் படத்துக்காகத் திரும்பச் செய்ய நான் இசைந்ததில்லை. டி750, டி7200 ஆகியவற்றின் ஷட்டர் ஒன்றரை லட்சம் இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது என்கிறது நிறுவனம். அது நடைமுறைக்கான அளவேயன்றி உத்தரவாதம் அன்று. ஆகவே மகன் கூறும் ‘ஒன்றே ஒன்று’ அறிவுடைமை ஆகாது. அந்த ஒன்று எத்துணைப் புதியதாயினும், பிறர் வீட்டுத் திருமணத்தைக் கூலிக்கு ஏற்றுக்கொண்டவர் ஒற்றைக் கருவியோடு ஆலயத்துக்குள் வருவது எண்ணெயின்றி வருவதே.

ஆனால் அந்த இரண்டாவது காமிரா எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இங்கேதான் தந்தையின் கணக்குப் பிழைபடுகிறது. டி750-ம் டி7200-ம் ஒரே வகை மின்கலத்தில் இயங்குபவை. ஒரே லென்ஸ்களை ஏற்பவை. இரண்டிலும் இரண்டு மெமரி கார்டு இடங்கள் உண்டு, ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியுமாறு அமைக்கலாம். டி7200-இன் உணர்பரப்புச் சிறியதாதலால் 200 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் ஏறத்தாழ 300-ஐப் போன்று காட்சியை நெருக்கித் தரும். பீடத்தின் மேல் ஏறாமல் நடுவழியில் நின்றே எடுக்கலாம். (இதைச் சொல்வதில் எனக்கும் சிறிது தன்னலம் உண்டு.) ஒன்று பழுதானால் மற்றது அதே பையிலிருந்து அதே லென்ஸோடு பணியைத் தொடரும். கேனான் 6டி நல்ல கருவிதான். ஆயினும் அதில் கார்டுக்கு ஓரிடமே உண்டு. நிக்கான் பழுதானால் அதன் லென்ஸ் எதையும் இதில் மாட்ட இயலாது. பெயருக்குத்தான் அது மாற்றுக் கருவி.

குறைப்பது தன்னளவில் புண்ணியம் அன்று. 2021ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள்; ஒன்றாக்கியதாலேயே குப்பை வண்டி நேரத்துக்கு வருகிறதா என்பதை அவரவர் தெருவார் அறிவர்.

எண்ணிக்கை பெருகுவதிலும் ஓர் இழப்பு இருக்கிறது. நம்முடையது கடலோரக் காற்று. தோல் உறைக்குள் மூடிவைத்த லென்ஸில் ஈரம் தங்கிப் பூஞ்சை படரும். பழைய ஷட்டரில் எண்ணெய்ப்பசை இறுகும். மின்கலம் பயன்படாமலே வலுவிழக்கும். ஐந்தையும் மாதந்தோறும் எடுத்துத் துடைத்து இயக்கிப் பார்க்க எவருக்கு நேரம் உண்டு? வெள்ளத்துக்கு அஞ்சிச் சேர்த்த ஐந்தும் இன்று எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அதே பீரோவில், சற்று மேல்தட்டில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வெள்ளம் ஐந்தையும் சேர்த்தே கொண்டுபோகும். இரண்டை வைத்து, மழைக்காலத்தில் ஒன்றை மாடிவீட்டு உறவினரிடம் கொடுத்து வைத்திருப்பதே அதிகப் பாதுகாப்பு.

மகன் விரும்பும் மிர்ரர்லெஸ் பற்றி ஒரு சொல். நிறுவனங்களின் புது முயற்சி பெரிதும் அவ்வழியே செல்வது உண்மை. 1959 முதல் வந்த தன் லென்ஸ் வளையத்தின் பக்கத்தில் நிக்கான் 2018இல் புதிய வளையத்தைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ்களை இணைக்க அந்நிறுவனமே தரும் இடைவளையம் உண்டு. ஆனால் லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய வகைகள் அதில் தானாகக் குவியமாட்டா. உங்கள் வீட்டில் அத்தகையவை இரண்டு இருப்பதாகப் பட்டியல் கூறுகிறது. ஆகவே பாடிக்குப் பின் லென்ஸ், லென்ஸுக்குப் பின் கார்டு என்று கடன் நீளும். சங்கிலி திரும்புமுன் அது வேண்டாம்.

மா. கிருஷ்ணனை (1912–1996) மூத்த வாசகர்கள் அறிவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒரு நிறுவனத்தின் பாடியையும் வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸையும் தம் கையாலேயே இணைத்து, அந்தக் கனத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். கண்டவர்கள் நகைத்தனர். அதன் ஒவ்வொரு திருகும் அவர் கைக்குப் பழகியிருந்தது. யானை திரும்பிப் பார்க்கும் கணத்தில் அதுதானே வேண்டும்.

எஞ்சியவை மூன்று. எஃப்.எம்.2 மின்கலமின்றியே ஷட்டர் இயங்கும் உறுதியான காமிரா. பிலிமில் ஆர்வம் கொண்ட இளைஞர் இக்காலத்தில் மீண்டும் தோன்றியிருப்பதால் அதற்கு விலை கிடைக்கும், விற்றுவிடலாம். கேனானை, உங்கள் கணவரிடம் தொழில் கற்று இன்றும் வாடகைக் காமிராவோடு அலைகிறாரே அந்த உதவியாளருக்கு, அதன் லென்ஸ்களோடு நியாய விலையில் தவணைக்குக் கொடுங்கள். பெட்டியில் கிடக்கும் இரண்டாம் ஆடை இல்லாதவனுக்கு உரியது என்பது புனித பசிலியார் முதலிய திருச்சபைத் தந்தையரின் போதனை. இங்கே அதை இலவசமாகத் தரவும் நான் கேட்கவில்லை. பெரிய திருமணங்களில் மூன்றாவது காமிரா தேவைப்பட்டால், அவரே அதோடு வந்து நிற்பார்.

யாஷிகா இருக்கட்டும். மாமனார் அதன் மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்த்து, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்று எண்ணி எண்ணி எடுத்தவர். புனித தோமா அக்குவினார் விவேகத்தின் உறுப்புகளைக் கூறுமிடத்தில் முன்னோக்கோடு நினைவையும் சேர்க்கிறார். அதைக் கருவிகளின் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தோல் உறையிலிருந்து எடுத்துக் காற்றுப்படும் கண்ணாடி அலமாரியில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தால் சங்கிலி இந்த உயிர்ப்புத் திருவிழாவுக்கே வீடு திரும்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தவணை வரவர அசல் குறையும். வட்டி மட்டும் கட்டி ஆண்டுதோறும் திருப்பி வைப்பது நிற்கும். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் திருமணம் குறைவு. உங்கள் கணவருக்கு ஓய்வு இருக்கும். தந்தையும் மகனும் ஒரு மாலை ஐந்தையும் தரையில் விரித்து, ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்கட்டும். பில், சார்ஜர், உறை ஆகியவற்றைத் தேடி எடுத்து அந்தந்தக் காமிராவோடு சேர்த்து வைக்கட்டும். கொடுக்குமுன் கேனானுக்குள் இருக்கும் மெமரி கார்டை மறவாமல் எடுத்துவிடுங்கள். அதில் யாருடைய வீட்டுத் திருமணமேனும் இன்னும் இருக்கக்கூடும்.