பெயரை விற்கலாம், ஏட்டை விற்கலாமா?

2011 டிசம்பரில் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஸ்டாபோர்ட்ஷயர் மாவட்டத்துப் பார்லஸ்டன் கிராமத்திலுள்ள வெட்ஜ்வூட் நூதனசாலையின் சேகரிப்பை விற்றுக் கடனடைக்கலாம் என்பதே அத்தீர்ப்பு. கடன் 134 மில்லியன் பவுண். அந்தக் கடனை நூதனசாலை வாங்கவேயில்லை என்பதுதான் விந்தை.

வெட்ஜ்வூட் என்றதும் நீலநிறப் பின்னணியில் வெண்ணிற உருவங்கள் புடைத்து நிற்கும் கலங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குரிய ஜொசையா வெட்ஜ்வூட் 1730இல் பேர்ஸ்லெம் என்னும் ஊரில் குயவர் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை 1739இல் இறந்தபின் சிறுவயதிலேயே குடும்பத் தொழிலுக்கு வந்தார். அம்மை நோய் அவரது வலதுகாலைப் பலவீனமாக்கியது. 1768இல் அந்தக் காலையே வெட்டி அகற்ற நேர்ந்தது. ஆனால் சக்கரத்தில் அமர்ந்து கலம் வனைய முடியாமற்போன இந்த மனிதர், மண்ணைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். எந்த மண்ணோடு எதை எவ்வளவு கலந்தால், எந்தச் சூட்டில் என்ன நிறம் வரும் என்று ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். ஒவ்வொரு சோதனைத் துண்டுக்கும் இலக்கமிட்டு, பிறர் படித்தறியாதவாறு குறியீடுகளில் ஏட்டிலே பதிந்துவைத்தார். அந்த நீலக் கலம் 1770களில் இப்படித்தான் பிறந்தது. சூளையின் வெப்பத்தைக் கண்மதிப்பாகச் சொல்லிவந்த காலத்தில், களிமண் துண்டு சுருங்கும் அளவைக்கொண்டு வெப்பத்தை அளக்கும் கருவியொன்றையும் அவர் செய்தார். 1783இல் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. (சார்ள்ஸ் டார்வின் இவருடைய மகள்வயிற்றுப் பேரர்.)

வியாபாரத்திலும் அவர் சளைத்தவரல்லர். 1759இல் தனியாகத் தொழில் தொடங்கியவர், 1765இல் சார்லட் அரசிக்குத் தேநீர்க் கலங்கள் செய்தளித்து, அந்த இளமஞ்சள்நிறப் பாண்டத்துக்கு 'அரசியின் பாண்டம்' என்றே பெயர் சூட்டிக்கொண்டார். உருசியப் பேரரசி இரண்டாம் கதரினுக்கு 1774இல் 952 கலங்கள் கொண்ட தொகுதியொன்றைச் செய்து முடித்தார். அரசிகளுக்குக் கலம் செய்த அதே தொழிலகத்தில்தான், 1787இல், விலங்கிடப்பட்ட கறுப்பின மனிதனொருவன் தானும் மனிதன், சகோதரன் அல்லவா என்று வினவும் பதக்கமும் செய்யப்பட்டது. அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கத்துக்கு அது அடையாளமாயிற்று.

1986இல் கம்பனி அயர்லாந்தின் வாட்டர்போர்ட் கண்ணாடி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2009 ஜனவரியில் குழுமமே நொடித்தது. வெட்ஜ்வூட் என்ற பெயரை அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்று வாங்கியது. ஓய்வூதியக் கடனை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. சுமார் 7,000 பேர் அடங்கிய அந்த ஓய்வூதியத் திட்டத்தில் நூதனசாலை ஊழியர் ஐவரும் உறுப்பினராயிருந்தனர். மற்றத் தொழில்வழங்குநர் எல்லாம் வீழ்ந்துவிட்டால், எஞ்சி நிற்பவரே முழுக்கடனையும் சுமக்கவேண்டும் என்கிறது சட்டம். எஞ்சி நின்றது நூதனசாலை. அதே 2009ஆம் ஆண்டு பிரித்தானியாவின் சிறந்த நூதனசாலைக்கான பரிசைப் பெற்ற நூதனசாலை!

கலைப்பொருளைக் காப்பாற்றத் தொழிலாளியின் ஓய்வூதியத்தைப் பலியிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். பார்லஸ்டனில் நாற்பது ஆண்டு உழைத்தவரின் முதுமைக்கு அந்தப் பணம் நியாயமாகச் சேரவேண்டியது. என் கோபம் வேறிடத்தில். இலாபம் வந்த காலத்தில் ஓய்வூதிய நிதியை நிறைவாக வைத்திராதவர்கள் தப்பிவிட்டார்கள். உழைத்தவனும் அவனுடைய பாட்டன் வனைந்த கலமும் ஒருவருக்கொருவர் எதிரிகளாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகமொன்றில், இடம் போதவில்லை என்று பல்லாண்டுப் பழைய இதழ்த் தொகுப்புகளை எடைக்கு விற்றார்கள். தடுத்துப் பேசியவர்களுக்குக் கிடைத்த பதில், பத்திரிகை நாளையும் வருமே என்பது. நாளை வரும் பத்திரிகையில் நேற்றைய செய்தி இருக்குமா? சோதனைத் துண்டுகளும் கணக்கேடுகளும் கடிதங்களும் அப்படியே. ஏலத்தில் நூறு வீடுகளுக்குச் சிதறியபின் இலக்கமிட்ட துண்டுக்கும் அதன் ஏட்டுக்கும் உறவு ஏது? ஆகவே இத்தகைய சேகரிப்புகளை, நிறுவனம் செழிப்பாயிருக்கும்போதே, அதன் கடன்கள் எவ்வழியாலும் தீண்டமுடியாத தனிப் பொறுப்பில் வைத்துவிடவேண்டும். ஊழியர் ஐவரின் பெயர் ஒரு பட்டியலில் இருந்த காரணத்தால் அது உடைந்துபோகுமானால், அந்தப் பொறுப்பு ஒழுங்காக எழுதப்படவில்லை என்றே பொருள்.

2014இல் 15.75 மில்லியன் பவுண் திரட்டி, 80,000க்கும் மேற்பட்ட பொருட்களும் ஆவணங்களும் மீட்கப்பட்டன. அதில் 2.74 மில்லியனைத் திரட்டப் பொதுமக்களிடம் விடுத்த வேண்டுகோள் ஒரு மாதத்துக்குள் நிறைவேறியது. சேகரிப்பு இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையின் உடைமையாகி, பார்லஸ்டனிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. மறு ஆண்டு வெட்ஜ்வூட் என்ற பெயர் மீண்டும் கைமாறிப் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் நிறுவனத்திடம் சென்றது. அதற்கு முன்னரே உற்பத்தியின் பெரும்பகுதி இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது. 2025 இறுதியில், கேள்வி குறைந்ததென்று பார்லஸ்டன் தொழிற்சாலையில் 90 நாட்களுக்கு உற்பத்தியை நிறுத்தி, சுமார் 70 தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.