கனடாவில் சாதி இல்லையாமே!

கனடாவின் நிரந்தர வதிவுரிமை கிடைத்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, வங்கி இருப்பு எல்லாம் கேட்டார்கள், சாதியைக் கேட்கவில்லை. கேட்டவர்கள், ஒன்டாரியோவில் அறை பார்த்துத் தருவதாகச் சொன்ன நம்மவர்கள்தாம். “சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? சைவம்தானே?” ஊரா, சேரியா என்று தெரிந்துகொள்ள இத்தனை சுற்று!

“அங்கெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?” என்று வாழ்த்த வரும் முற்போக்கு நண்பர்களைக் கேட்கிறேன்: யாருமே பார்க்கவில்லையென்றால், சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2023 அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் ஏன் அறிவித்தது? அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் ஏன் தடைச்சட்டம் போட்டது?

சாதிச் சான்றிதழை இங்கேயே விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். முடியாது. பெட்டியில் முதலில் வைத்ததே அதைத்தான். கூடவே அந்த ஆணையத்தின் அறிவிப்பு நகலும். அறை இல்லை என்பவர்கள், காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.