தனித்து நிற்பது தன்னலமா?

தனித்தன்மை என்னும் சொல் இன்று இரு திறத்தாரிடம் சிக்கித் தவிக்கின்றது. ஒரு திறத்தார் வணிகர். ‘நீ நீயாகவே இரு’ என்று முழங்கிவிட்டு, ஆயிரம் பேருக்கும் ஒரே சட்டையை விற்றுவிடுகின்றனர். மற்றொரு திறத்தார் நம்மவர்களே. சமுதாயத்தில் எவரேனும் ஒருவர் ‘இது முறையன்று’ என வாய் திறந்துவிட்டால் போதும், ‘இது மேனாட்டார் கற்பித்த தன்னலம், ஜமாஅத்தைச் சிதைக்கும் நஞ்சு’ என்று தீர்ப்பளித்து விடுகின்றனர். அமெரிக்க அறிஞர் எமர்சனின் பெயரையும், அவர்தம் இளைய நண்பர் தோரோவின் பெயரையும் இவ்விரு திறத்தாரும் இழுக்கின்றனர். முன்னவர் புகழ்வதற்கு, பின்னவர் பழிப்பதற்கு. இரு சாராருமே அவர்களைப் படித்ததில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

1844ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கான்கார்டு என்னும் சிற்றூர். பிரிட்டனின் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் நிறைந்த நாள் அது. அடிமை முறையை எதிர்த்து உழைத்துவந்த அவ்வூர்ப் பெண்களின் சங்கம் எமர்சனை உரையாற்ற அழைத்திருந்தது. ஊரிலிருந்த தேவாலயங்கள் இடம் தர மறுத்தன. நீதிமன்றக் கட்டடத்தில் கூட்டம் ஏற்பாடாயிற்று. மக்களை அழைக்க மணியடிக்க வேண்டிய தேவாலய ஊழியரோ அதற்கும் இசையவில்லை. அப்போது 27 வயது நிரம்பிய தோரோ விரைந்து சென்று, தாமே கயிற்றைப் பற்றி மணியை ஒலிக்கச் செய்தார்.

மாசசூசெட்ஸில் அடிமை முறை அதற்கு நெடுங்காலம் முன்பே ஒழிந்துவிட்டது. பின் ஏன் இந்தத் தயக்கம்? தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்த பருத்தி, வடக்கின் ஆலைகளில் நூலாகவும் துணியாகவும் மாறிக் காசாயிற்று. ஆகவே, ‘நமக்கேன் இந்த வம்பு?’ என்பதே அங்கிருந்த கண்ணியவான்களின் வேதமாக இருந்தது. ஊரோடு ஒத்து வாழ்வது எனில், கான்கார்டில் அன்று அதன் பொருள் மணியை ஊமையாக்குவதே. கயிற்றைப் பற்றிய அந்தக் கையைத் தன்னலக் கை என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா?

அந்தக் கையை இயக்கிய கொள்கை எது? 1836இல் பாஸ்டன் நகரைச் சுற்றி வாழ்ந்த அறிஞர் சிலர் ஒன்றுகூடத் தொடங்கினர். புலன்களுக்கு அப்பாற்பட்ட மெய்யை மனிதன் தன் அகத்தினால் நேரே உணரவியலும் என்று அவர்கள் நம்பினர். அவர்களின் கொள்கையை அப்பாலைத் தத்துவம் என்று நாம் அழைக்கலாம். எமர்சன் அவர்களுள் தலையாயவர். பாதிரியாராக வாழ்வைத் தொடங்கியவர். கிறித்தவர்களின் அப்பம்-இரசச் சடங்கைத் தம் மனச்சான்றுக்கு மாறாக இனியும் நடத்த இயலாது என்று கூறி, 1832இல் பாஸ்டன் தேவாலயப் பதவியைத் துறந்தார். மாணவர் சிலரே கொண்ட ஹார்வர்டு இறையியல் கல்லூரி வகுப்பொன்று, 1838 ஜூலை 15 அன்று அவரை உரையாற்ற அழைத்தது. ஈஸாவின் போதனையை விட்டுவிட்டு, அவரது ஆளையே மிகைப்படுத்தித் தொழும் வழக்கத்தை எமர்சன் அங்கே கண்டித்தார். இது நிராகரிப்பு என்று பேராசிரியர் ஒருவர் நூலெழுதித் தாக்கினார். அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஹார்வர்டு அவரைப் பேச அழைக்கவில்லை.

இதைக் கேட்டதும், ‘எமர்சன் ஏறக்குறைய முஸ்லிமாகிவிட்டார்’ என்று நம்மவர் சிலர் துள்ளிக் குதிப்பர். அந்த அவசரம் வேண்டா. படைத்தவனையும் படைப்பையும் ஒரே பேருயிரில் கரைக்கும் அவரது கருத்து நம் தவ்ஹீதுக்கு ஒத்துவராது. அவரை நம் ஆளாக்கிக்கொள்ள நாம் முனையவில்லை. உண்மையென நம்பியதைச் சொன்னதற்கு அவர் விலை கொடுத்தார் என்பதையே சுட்டுகின்றோம்.

1841இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பைத் தமிழில் ‘தன்னம்பிக்கை’ என்று பெயர்த்துவிடுகின்றனர். குழப்பத்தின் பாதி இங்கேதான் பிறக்கின்றது. தேர்வில் வெல்லவும் தொழிலில் முன்னேறவும் கூறப்படும் ஊக்கமொழி என்றே படிப்பவர் எண்ணுவர். அவர் கருதியதோ தற்சார்பு. அதாவது, இரவல் வாங்கிய கருத்தில் சாயாதிருத்தல். ஒரு மனிதன் தன்னுள் கேட்கும் நேர்மைக் குரல் இறைவனிடமிருந்து வருவது. ஆதலின் கூட்டத்திற்கு அஞ்சி அக்குரலை அடக்குவது மனிதனுக்கு அஞ்சி இறைவனை மறப்பதாகும் என்பது அவர் வாதம். இச்சைப்படி வாழ்வதற்கு இதில் அனுமதிச் சீட்டு ஏதுமில்லை. மன இச்சையாகிய நஃப்ஸை வேறாகவும் மனச்சான்றை வேறாகவும் அறிந்த நம் சமுதாயத்திற்கு இந்த வேறுபாடு விளங்காமற் போவது வியப்பே!

ஆயினும் அக்கட்டுரையில் ஓரிடத்தில் நாம் எமர்சனை விட்டு விலகியே நிற்கின்றோம். ஏழைகளுக்கு உதவும்படி கேட்டு வருவோரிடம், அவர்கள் என்னுடைய ஏழைகளா என்று அவர் வினவுகின்றார். தமக்குரியவரல்லாதோருக்கு ஈயும் காசைக் குறித்து முணுமுணுக்கின்றார். ஜகாத்தைக் கடமையாகக் கொண்ட எவரும் இதனை ஏற்கவியலாது. வறியவனுக்குரிய பங்கு செல்வனின் பொருளிலேயே கலந்திருக்கின்றது. ‘என் ஏழை’, ‘உன் ஏழை’ என்னும் பாகுபாட்டிற்கு அங்கு இடமில்லை. தற்சார்பு என்பது தன்னலத்தின் வாயிலில் சென்று நிற்கும் இடம் இதுவே. வணிகர்கள் பிடித்துக்கொண்ட நூல்முனையும் இதுவாகவே இருக்கக்கூடும். எமர்சனின் வாழ்வு அந்த வரியைவிடப் பெரிதாயிருந்தது அவரது நற்பேறு. செரோக்கி மக்களை அவர்தம் நிலத்தினின்றும் விரட்டத் துணிந்த குடியரசுத் தலைவர் வான் பியூரனுக்கு 1838இல் கண்டனக் கடிதம் எழுதியவர் அவர். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1850இல் வந்தது. தாம் இளமை முதல் போற்றிய தலைவர் டேனியல் வெப்ஸ்டர் அதனை ஆதரித்தபோது, அடுத்த ஆண்டே மேடையேறி அவரைப் பெயர் சொல்லிச் சாடினார். செரோக்கியர் யாருடைய ஏழைகள்? ஓடிவந்த அடிமைகள் யாருடைய ஏழைகள்?

தோரோவைப் பற்றி இன்னொரு ஏளனமும் உண்டு. காட்டில் தனித்து வாழ்ந்தேன் என்று எழுதியவர், அடிக்கடி தாயின் வீட்டுக்கு வந்து உண்டு போனாராம்! உண்மைதான், போனார். வால்டன் குளக்கரையில் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில் 28 டாலர் 12½ சென்டு செலவில் கட்டிய அந்தக் குடிலிலிருந்து ஊர் ஒன்றரை மைல் தொலைவே. தாம் துறவி என்று அவர் எங்கும் கூறவில்லை. 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை அங்கு அவர் தேடியது, மிகக் குறைந்த தேவைகளோடு வாழ்வதெப்படி என்பதற்கான விடை. தேவை குறைந்தவனை எளிதில் அச்சுறுத்தவியலாது. இழப்பதற்கு அவனிடம் என்ன இருக்கின்றது?

1846 ஜூலையில் அதற்கும் சோதனை வந்தது. அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி செலுத்துவதில்லை எனச் சில ஆண்டுகளாகவே அவர் மறுத்து வந்தார். சிறையில் அடைத்தனர். உறவினர் ஒருவர், அத்தை என்பர், அவரைக் கேளாமலே வரியைக் கட்டிவிட, ஓரிரவிலேயே விடுதலையாயிற்று. ஓர் இரவு! இதற்குத்தானா இவ்வளவு புகழ் என்று நகைப்போர் உண்டு. சின்னாட்களில், அதே ஆகஸ்ட் முதல் நாளில், அடிமை ஒழிப்புப் பெண்களின் ஆண்டுக் கூட்டம் அவருடைய குடிலின் வாயிலில் நடைபெற்றதையும், 1851இல் தப்பி வந்த ஹென்றி வில்லியம்ஸ் என்பாரைத் தோரோ குடும்பம் தங்கவைத்து, கனடா நோக்கி ரயிலேற்றி விட்டதையும் அந்த நகைப்பாளர் அறியார். தனித்து நின்றவரின் வாயிலில் கூட்டம் நடந்திருக்கின்றது. அவர் வீட்டில் அகதி உறங்கியிருக்கின்றான்.

இனி நம்மவர்களிடம் வருவோம். தனித்து நின்று மறுப்பது இஸ்லாத்திற்கு அந்நியம் என்கின்றீர்களே, தம் தந்தையையும் தம் ஊரையும் எதிர்த்துத் தனியொருவராக நின்ற இப்ராஹீம் நபி (அலை) எந்த மேனாட்டில் படித்தார்கள்? ‘எம் மூதாதையர் இவ்வழியில் நடக்கக் கண்டோம்’ என்று சாக்குரைத்தோரைத் திருமறை மீண்டும் மீண்டும் கண்டிப்பது எதற்காக? ஹிஜ்ரி 218இல் கலீபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என ஒப்பும்படி ஆலிம்களை வற்புறுத்தினார். பக்தாதின் அறிஞருள் பெரும்பாலோர் இசைந்துவிட்டனர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) விலங்கு பூண்டார்கள், அடுத்த கலீபா முஃதஸிமின் காலத்தில் சாட்டையடி பட்டார்கள், மறுத்தது மறுத்ததே. அன்று எண்ணிக்கையைக் கொண்டு ஜமாஅத்தைத் தேடியிருந்தால் எங்கே போய்ச் சேர்ந்திருப்போம்?

கைக்கூலி வாங்க மாட்டேன் என்று ஓர் இளைஞன் கூறும்போது, ‘ஊர் வழக்கத்தை உடைக்க நீ யார்?’ என்று கேட்கும் பெரியவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக. ஒற்றுமை ஒன்று, ஒரே அச்சில் வார்க்கப்படுதல் வேறொன்று. வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து தொழுகின்றோம். ஆயினும் நிய்யத்தை அவரவரே வைக்க வேண்டியிருக்கின்றது.

கான்கார்டு அறிஞர்களும் நம் வீட்டுக் கதவைத் தட்டாமற் போகவில்லை. ஷைகு ஸஅதியின் பெயராலேயே எமர்சன் 1842இல் ஒரு கவிதை இயற்றினார். 1865இல் அமெரிக்காவில் வெளிவந்த குலிஸ்தான் பதிப்பிற்கு முன்னுரை வரைந்தார். தோரோ தம் ‘வால்டன்’ நூலின் முதல் அத்தியாயத்தை முடிப்பதும் குலிஸ்தானில் வரும் ஒரு செய்தியோடுதான். கனி தராத ஸர்வு மரத்தை மட்டும் ‘ஆஸாத்’ என அழைப்பதேன் என்பது பற்றியது அது. மறுபுறம், அல்லாமா இக்பால் தம் ‘பாங்கே தரா’வில் இரு கவிதைகளை எமர்சனிடமிருந்து எடுத்ததாக வெளிப்படையாகவே குறித்துள்ளார், ஒன்று, மலைக்கும் அணிலுக்கும் நடந்த வாக்குவாதம். குதீயைப் பாடியவர் எமர்சனைத் தீண்டத்தகாதவராகக் கருதவில்லை.

இறுதியாக ஒன்று. சட்டமறுப்பை இந்தியர்க்குக் கற்பித்தவர் தோரோ என்று பலர் எழுதிவிட்டனர். காந்தியடிகளே 1935இல் ஒரு கடிதத்தில் அதனை மறுத்திருக்கின்றார். நடந்தது இது: ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு பெற வேண்டும் எனச் சட்டமியற்ற டிரான்ஸ்வால் அரசு முனைந்தது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடக அரங்கில் இந்தியர் திரண்டனர். சேட் ஹாஜி ஹபீப் என்னும் முஸ்லிம் வணிகர் எழுந்து, இறைவனைச் சாட்சியாக்கி ஆணையிட்டே இச்சட்டத்தை மறுக்க வேண்டும் என்றார். காந்தியடிகள் திடுக்கிட்டார். பின்னர் எழுந்து, இறைவன்மீது ஆணையிடுவது வெறும் தீர்மானமன்று, அடுத்தவரைப் பார்த்துக் கை உயர்த்தலாகாது, பிறர் அனைவரும் பின்வாங்கினும் தாம் ஒருவராக நிற்க இயலுமா என ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆணையிட்டது. பின்னாளில் அந்நாட்டுச் சிறைகளை நிரப்பியவர்களுள் தமிழர் மிகப் பலர். தோரோவின் கட்டுரைப் பகுதிகளைக் காந்தியடிகளின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் வெளியிட்டது 1907இல்தான். ஹாஜி ஹபீப் ஆணையிட்டதற்கு மறு ஆண்டில்.