கருவில் அழிந்த உயிரும் கொலைச் சட்டமும்



கர்ப்பிணி ஒருவர் தாக்கப்பட்டு வயிற்றுப் பிள்ளை இறந்ததாக நாளிதழில் செய்தி வந்தால், சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பெற்றோர் கேட்பது இதுதான்: "டீச்சர், இது கொலைதானே?"

நம் நாட்டுச் சட்டம், இல்லை என்கிறது. தாயின் கருப்பையிலுள்ள குழந்தையின் சாவுக்குக் காரணமாதல் மனிதக் கொலையாகாது என்று குற்றவியல் சட்டத்தின் 299ஆவது பிரிவு விளக்கம் தருகிறது. குழந்தையின் உடலில் ஒரு பகுதியேனும் வெளிவந்திருந்தால், அது மூச்சு விட்டிராவிடினும், கொலைக் குற்றமாகலாம். 1860இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய சட்டத்திலிருந்து இங்கு வந்த வரையறை இது. 2024 ஜூலையில் புதிய சட்டத்திற்கு மாறிய இந்தியாவும் இதனைக் கைவிடவில்லை.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தும் நமக்கு இது மனம் ஒப்பாத கணக்கு. ஆலத்தூர் கிழாரும் புறநானூற்றில் கருச்சிதைத்தலைக் கொடும் பாவங்களுள் வைத்துப் பாடினார். (செய்ந்நன்றி கொல்வதை அதனினும் கொடிதாகக் கருதினார் என்பது வேறு செய்தி.)

ஆயினும் பலர் அறியாத 316ஆவது பிரிவு ஒன்று உண்டு. தாய் இறக்கக்கூடும் என்று அறிந்தே ஒருவன் தாக்க, அவள் பிழைத்து, வயிற்றில் அசைவு கண்ட குழந்தை மட்டும் இறந்தால், அவனுக்குப் பத்தாண்டு வரை சிறை.

பத்தாண்டு போதாது என்பதே என் கருத்து. தண்டனையை உயர்த்தலாம். ஆனால், "இதனைக் கொலையென்றே மாற்றுக" என்போருடன் நான் உடன்படவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1970இல் அவ்வாறே மாற்றியது. தாயின் இசைவோடு நிகழ்வதற்கு விலக்கும் அளித்தது. இருந்தும், இறந்து பிறந்த குழந்தைகளுக்காக, போதைப்பொருள் உட்கொண்ட தாய்மார் இருவர்மீதே 2018, 2019ஆம் ஆண்டுகளில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் ஒருவர் ஏறத்தாழ நான்காண்டு சிறையிலிருந்து 2022இல்தான் வெளிவந்தார். இங்கோ, தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணை 312ஆவது பிரிவு ஏற்கெனவே குற்றவாளியாக்குகிறது. இதற்குமேல் கொலை என்னும் சொல்லும் சேர்ந்தால், தோட்டப்புறத்தில் குருதிப்போக்கோடு தவிக்கும் இளம்பெண் மருத்துவமனை வாயிலை மிதிப்பாளா?

அடிபட்ட கர்ப்பிணி எவரையேனும் நீங்கள் அறிந்தால், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் புகாரில் எத்தனையாவது மாதம், குழந்தையின் அசைவை உணர்ந்தாரா என்பனவற்றை மறவாமல் எழுதச் சொல்லுங்கள். 316ஆவது பிரிவு அந்த அசைவைத்தான் கேட்கிறது.