பிள்ளையைக் கிள்ளி, தொட்டிலை ஆட்டி

சிதம்பரத்தில் நர்சிங் படித்த பெண் ரியாத்துக்கோ லண்டனுக்கோ பிளைட் ஏறினால் நம்மூர்ப் பெரியவர்களுக்கு தேசபக்தி பொங்கிவிடும். "இங்க படிச்சிட்டு அங்க போய் சேவை செய்றாளே!" சரிங்க, இங்கேயே இருந்தவங்களை என்ன செஞ்சீங்க?

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம், மாதம் 7,700 ரூபாய். அதே வார்டு, அதே நைட் டியூட்டி, பக்கத்தில் நிற்கும் நிரந்தர நர்ஸுக்குச் சம்பளம் பல மடங்கு. போராடிப் போராடி அது 14,000 ஆனது, பிறகு 18,000. கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களுக்குக் கைதட்டினோம். 2022 டிசம்பர் 31-ஓட ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு வீட்டுக்கும் அனுப்பினோம்.

படிப்புச் செலவு? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது. ஏழு வருஷம் கழித்தும், அங்கே மருத்துவ மாணவர்கள் அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டு வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கடன் வாங்கிப் படித்த நர்ஸ் 18,000-ல் எதை அடைப்பாள்?

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1978-லிருந்து தமிழ்நாடு அரசே ஒரு நிறுவனம் நடத்துகிறது, நர்ஸ்களையும் அனுப்புகிறது. அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஏஜென்ட்டிடம் லட்சங்களை இழப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அனுப்பிவிட்டு 'மூளை போகுதே' என்று புலம்பக்கூடாது.

பாண்டு எழுதி வாங்கணுமாம், சிலர் யோசனை சொல்கிறார்கள். கொத்தடிமைக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேறயா? கடலூர் ஜி.எச்.சில் காலியிடங்களை நிரந்தரமாக, காலமுறை ஊதியத்தில் நிரப்புங்கள். மகப்பேறு விடுப்பைச் சம்பளத்தோடு கொடுங்கள். அப்புறமும் அவள் போனால் என்னை வந்து திட்டுங்கள்.