ஒரிஜினல் மக்காரோன் எந்த ஊர்?

பாரிஸ் போகும் நம் ஆட்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. லதுரே கடையில் வரிசையில் நிற்பது, அடுத்து பியர் எர்மே கடை, பிறகு இரண்டு டப்பாக்களையும் பக்கத்தில் வைத்து ஒரு படம். கீழே தீர்ப்பு: "இதுதான்டா ஒரிஜினல். தூத்துக்குடி மக்ரூன் எல்லாம் சும்மா காப்பி." மக்காரோன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பிரச்சினை அந்தத் தீர்ப்புதான். ஊர்ப்பாசத்தில் பேசவில்லை, நான் தூத்துக்குடிக்காரனும் இல்லை.

லதுரே 1862ல் ரொட்டிக் கடையாகத் தொடங்கியது. இரண்டு வண்ண ஓடுகளை நடுவில் கிரீம் வைத்து ஒட்டுகிற மக்காரோன் பிரபலமானது இருபதாம் நூற்றாண்டில். பியர் எர்மே தன் பெயரில் முதல் கடையைத் திறந்தது 1998ல், அதுவும் டோக்கியோவில். பாரிஸ் கடை 2001ல்தான் வந்தது. இதில் எதை ஒரிஜினல் என்பது?

இதற்கெல்லாம் முந்தைய மக்காரோன் ஒன்று பிரான்ஸிலேயே இருக்கிறது. 1792ல், புரட்சிக் காலத்தில், மடங்கள் கலைக்கப்பட்டபோது நான்சி நகரத்துக் கன்னியாஸ்திரீகள் மக்காரோன் சுட்டு விற்றுப் பிழைத்தார்கள். அந்த வகை இன்றும் அங்கே கிடைக்கிறது. சாயம் இல்லை, கிரீம் இல்லை, மேல்புறம் வெடித்திருக்கும். பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். பாதாமுக்குப் பதில் முந்திரி போட்டால் தூத்துக்குடி மக்ரூனின் சாமான் லிஸ்ட் வந்துவிடும். டப்பாவில் அடுக்கிய வண்ண மக்காரோனுக்கு அது காப்பி இல்லை. அதே குடும்பத்தின் வேறொரு கிளை.

இன்ஜினியராகச் சொன்னால், இரண்டுக்கும் ஸ்பெக்கே வேற. பாரிஸ் மக்காரோனை கிரீம் வைத்ததும் விற்பதில்லை. ஒரு நாளாவது குளிரில் வைப்பார்கள். கிரீமின் ஈரம் ஓட்டுக்குள் இறங்கி உள்பக்கம் மிருதுவாக வேண்டும். தூத்துக்குடி மக்ரூனில் ஈரம் ஏறினால் கதை முடிந்தது. அது மொறுமொறுவென்று உடைந்து நாக்கில் கரைய வேண்டும். ஒன்றின் அளவுகோலை வைத்து மற்றதை ஃபெயில் ஆக்குவது என்ன நியாயம்?

அப்போ பாரிஸ் கடையெல்லாம் வெறும் பேரா? இல்லை. எர்மேயின் இஸ்பஹானைச் சாப்பிட்டுப் பாருங்கள். ரோஜா, லிச்சி, ராஸ்பெரி. ரோஸ்மில்க்காகப் போயிருக்க வேண்டிய ரோஜாவை ராஸ்பெரியின் புளிப்பு இழுத்துப் பிடிக்கிறது. யோசித்துச் செய்த வேலை. அதே பயணத்தில் இன்னொரு பெரிய பெயருள்ள கடையில் பிஸ்தா மக்காரோன் சாப்பிட்டேன். பச்சை நிறத்தில் சர்க்கரை. அதற்கும் அதே நீள வரிசை, அதே "செம". திகட்டுது என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

நான் பயப்படுவது இதற்குத்தான். கடையின் பெயர் முன்னால் நம் நாக்கு வாயை மூடிக்கொள்கிறது. ஊருக்குத் திரும்பியதும் முந்திரியை அரைத்து, வெள்ளைக்கருவை அடித்து, கையால் பிழிந்து வைக்கிற பேக்கரிக்காரரின் உழைப்பைக் காப்பி என்கிறது.

தாராளமாகப் போங்கள், வரிசையில் நில்லுங்கள், காசைக் கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். படத்துக்குக் கீழே மட்டும் ஒரிஜினல் என்று போடாமல், வாயில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். திகட்டினால் திகட்டியது என்றே எழுதுங்கள்.